கழற்றிப் பார்ப்பதா, கண்ணால் பார்த்தால் போதுமா? ஹெலிகாப்டர் மிதவைகளில் உப்பு அரிப்பைச் சோதிக்கும் வழிகள்

2012ஆம் ஆண்டு வட கடலில் ஒரே ரக ஹெலிகாப்டர்கள் இரண்டு, ஐந்து மாத இடைவெளியில் தண்ணீரில் இறங்க நேர்ந்தது. மே 10 அன்று ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்குக் கிழக்கே ஒன்று, அக்டோபர் 22 அன்று ஷெட்லாந்து தீவுகளுக்குத் தென்மேற்கே இன்னொன்று. இரண்டும் ஈசி225. முதலாவதில் 14 பேர், இரண்டாவதில் 19 பேர். அத்தனை பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். மிதவைப் பைகள் விரிந்து ஹெலிகாப்டரைக் கவிழாமல் தாங்கி நின்றதால், எல்லோரும் உயிர்காப்புப் படகுக்கு மாற நேரம் கிடைத்தது.

இரண்டும் ஏன் இறங்கின என்று பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுத் துறை ஆராய்ந்தபோது, கியர்பாக்ஸுக்குள் ஒரு தண்டில் விரிசல் ஓடியிருந்தது. அந்த விரிசல் தொடங்கிய புள்ளியில் இருந்தது சின்னஞ்சிறு அரிப்புக் குழி. இரண்டு ஹெலிகாப்டரிலும் அப்படித்தான். ஹெலிகாப்டரைத் தண்ணீருக்கு இறக்கியதில் அரிப்புக்குப் பங்கு உண்டு. மேலே மிதக்க வைத்தது அரிக்காத மிதவை.

மிதவை பாதி வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் ஏஎஸ்350 ரக ஹெலிகாப்டர் ஒன்று இறங்கியது. மிதவைகளுக்கு வாயு கொடுக்கும் இரண்டு சிலிண்டரில் ஒன்றுதான் திறந்தது. பைகள் இரு பக்கமும் சமமாக ஊதவில்லை. ஹெலிகாப்டர் நொடிகளில் கவிழ்ந்தது. முதுகுப் பக்கம் ஹெலிகாப்டரோடு கட்டியிருந்த பாதுகாப்புப் பட்டைகளைக் கழற்ற முடியாமல் பயணிகள் ஐந்து பேரும் இறந்தார்கள். விமானி மட்டும் தப்பினார். அங்கே குறை, மிதவையை இயக்கும் இழுகம்பியின் அமைப்பில்; அரிப்பில் இல்லை. ஆனால் அரிப்பு ஒரு பக்கத்து வால்வையோ கனெக்டரையோ செயலிழக்கச் செய்தாலும் தண்ணீரில் கிடைக்கும் பலன் இதேதான். அதனால்தான் மிதவைச் சோதனையைக் கடனே என்று செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி உயிரோடு இருக்கும் இடம் மும்பை. ஜுஹு விமானத் தளத்திலிருந்து, சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலுக்கு ஹெலிகாப்டர்கள் ஓயாமல் போய் வருகின்றன. 2022 ஜூன் 28 அன்று சாகர் கிரண் எண்ணெய் ரிக் அருகே எஸ்-76டி ரக ஹெலிகாப்டர் ஒன்று கடலில் இறங்கி, அதிலிருந்த 9 பேரில் 4 பேர் இறந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே ஹெலிகாப்டர் பறக்கும்போது மட்டுமல்ல, நிற்கும்போதும் உப்புக் காற்றில்தான் நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரமும் சேர்ந்துகொள்கிறது.

இப்படி ஒரு தளத்தில், ஸ்கிட் எனப்படும் சக்கரமில்லாத நீள்குழாய்க் கால்களில் மிதவை கட்டிய பெல் 412 மாதிரியான ஹெலிகாப்டர் இரண்டு மூன்றை வைத்துப் பராமரிப்பவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கழற்றாமல் அடிக்கடி பார்ப்பது. நம் ஹேங்கரிலேயே கழற்றித் திறந்து பார்ப்பது. அங்கீகாரம் பெற்ற மிதவைப் பட்டறைக்கு மொத்தமாக அனுப்பிவிட்டு மாற்றுத் தொகுதி பூட்டிப் பறப்பது. கழற்றாமலே கருவிகளை வைத்து உள்ளே துழாவுவது. தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடும், ஏடி எனப்படும் கட்டாய உத்தரவுகளும் சொல்வது குறைந்தபட்சம்; அதற்குக் கீழே போக யாருக்கும் உரிமை இல்லை. நான் பேசுவது அதற்கு மேலே இருக்கும் நம் முடிவைப் பற்றி.

முதலில், எது எங்கே அரிக்கிறது என்று பார்த்துவிடலாம். வழியைத் தேர்ந்தெடுப்பது முழுக்க அதைப் பொறுத்தது.

அவசர மிதவைத் தொகுதி பார்க்கச் சிக்கலாகத் தெரிந்தாலும் சங்கதி எளிது. பூச்சுப் பூசிய நைலான் துணியில் செய்த பைகள், மடித்து உறைக்குள் கட்டியிருக்கும். ஹீலியம் அல்லது நைட்ரஜன் அடைத்த உயரழுத்தச் சிலிண்டர். அதன் தலையில் வால்வு. வால்வைத் திறக்க ஸ்க்விப் என்ற சிறு வெடித் தோட்டா. அங்கிருந்து பைகளுக்குப் போகும் குழாய்கள், ஒவ்வொரு பையின் வாயிலும் ஒருவழி வால்வு. விமானியின் கையில் பொத்தான். பல தொகுதிகளில் தண்ணீர் பட்டால் தானே இயங்க வைக்கும் உணரியும் உண்டு. இதையெல்லாம் ஸ்கிட்டோடு பிடித்து வைக்கும் பிராக்கெட்டுகள், கிளாம்ப்கள், போல்ட்டுகள்.

துணி அரிக்காது, அது தேயும், பூச்சு உரியும். அரிப்பது உலோகம். அதிலும் திறந்தவெளியில் காற்றுப்பட நிற்கும் உலோகத்தைவிட, எதற்காவது அடியில் மூடிக் கிடக்கும் உலோகம்தான் முதலில் போகும்.

சிலிண்டர் கிளாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். எஃகுப் பட்டை, அதற்கு உள்ளே ரப்பர் மெத்தை. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி ரப்பரை மெல்ல விலக்கினால் அடியில் ஈரம் கசியும். விரலில் தொட்டால் பிசுபிசுப்பு. ரப்பரின் ஓரம் அமர்ந்திருந்த கோட்டிலேயே, பிறை வடிவில் அரிப்புப் பொடி பூத்திருக்கும். பக்கத்தில் பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் ஒரு கொப்புளத்தை நீவினால் பெயின்ட் தோலாக வந்துவிடும். அடியில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், ஊசிக் குத்தல் போலக் குழிகள். ரப்பருக்கு அடியில் சிக்கிய உப்பு நீருக்கு ஆக்சிஜன் போவதில்லை. ஆக்சிஜன் கிடைக்கும் வெளிப்பகுதிக்கும் கிடைக்காத உள்பகுதிக்கும் இடையே மின்வேதி வேறுபாடு உண்டாகி, உள்ளே இருக்கும் உலோகம் கரைகிறது. குளோரைடு அங்கே சேரச் சேர அந்த நீர் அமிலமாகிறது. அதாவது அரிப்பு தனக்கு வேண்டிய சூழலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மேலே கழுவுவதால் அது நிற்காது.

அடுத்த இடம், அலுமினியப் பிராக்கெட்டில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் நுழையும் துளை. இரு உலோகமும் உப்பு நீரில் சந்தித்தால் அலுமினியம்தான் பலி. போல்ட்டின் தலை புதுசு போல மின்னிக்கொண்டிருக்க, துளையின் சுவர் உதிர்ந்துகொண்டிருக்கும். பூட்டும்போது, ஈரம் புகாமல் அடைக்கும் சீலன்ட் பசையைத் தடவி ஈரமாகவே பூட்டினார்களா, உலர்வாகப் பூட்டினார்களா என்பது ஓராண்டு கழித்துத் துளையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஸ்க்விப்புக்குப் போகும் மின் கனெக்டர். ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறினால் மின்தடை கூடும். கூடினால் தேவையான நேரத்தில் தோட்டா வெடிக்காமல் போகலாம். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. தண்ணீர் உணரியின் முனைகளுக்கு இடையே உப்பு படிந்து பாலம் போட்டுவிட்டால், கடல் படாமலே கடல் பட்டதாக அது நினைத்துக்கொள்ளும். வேகமாகப் பறக்கும்போது மிதவை விரிவது சின்ன விஷயம் இல்லை. விரிந்த மிதவையோடு பறக்கத் தனி வேக வரம்பே இருக்கிறது. ஆகவே அரிப்பு இரண்டு பக்கமும் கெடுக்கும்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

கழற்றாமல் பார்ப்பதற்கு ஒரு பெரிய நன்மை, அதை அடிக்கடி செய்யலாம். டார்ச், கண்ணாடி, லென்ஸ் போதும். ஹெலிகாப்டர் பறப்பை நிறுத்த வேண்டியதில்லை. உறையின் தையல் விட்டிருப்பது, குழாயில் உராய்வு, போல்ட் தலையில் துரு, அழுத்தமானியின் கண்ணாடிக்குள் ஈரம், கனெக்டர் பின்பக்கம் வெடிப்பு எல்லாம் இதில் கிடைக்கும். சிலிண்டர் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் எண்ணை எழுதாமல் வெப்பநிலையோடு எழுத வேண்டும். 15 டிகிரி செல்சியஸில் 3,000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும் சிலிண்டர், 35 டிகிரி மதியத்தில் சுமார் 3,200 காட்ட வேண்டும். அந்த மதியத்திலும் 3,000தான் காட்டுகிறது என்றால் வாயு கசிந்திருக்கிறது என்று பொருள். முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதே என்று விட்டுவிட்டால், வால்வு அடைத்து அமரும் வாயில் அரிப்பு தொடங்கியதைச் சொல்லும் முதல் தடயத்தை விட்டுவிடுகிறோம்.

குறை என்னவென்றால், நான் மேலே சொன்ன மூன்று இடங்களில் ஒன்றுகூட இந்தப் பார்வைக்கு முழுதாகச் சிக்காது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் ரப்பருக்கு அடியில் இருப்பது தெரியப்போவதில்லை. மாதம் ஒருமுறை பார்ப்பதை வாரம் ஒருமுறை ஆக்கினால், தெரியாததை நான்கு மடங்கு அதிகமாகப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அதிகப் பார்வைகளால் அதிகப் பாதுகாப்பு என்று நம்பிவிடுகிற தளங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. லாக்புக்கில் கையெழுத்து வரிசையாக இருக்கும். கிளாம்ப் பூட்டிய நாளிலிருந்து அசைக்கப்பட்டிருக்காது.

கருவிகளைப் பயன்படுத்தும் வழி கேட்க நவீனமாக இருக்கும். பெரும்பாலும் அது துணைக்குத்தான். மெல்லிய குழல் கேமராவான போரோஸ்கோப்பை உள்ளே விட்டு, ஸ்கிட் கால்களை இணைக்கும் குறுக்குக் குழாயின் உள்சுவரைப் பார்ப்பது நல்ல பயன். அங்கே வேறு வழியே கிடையாது. எடி கரன்ட் கருவி, பெயின்ட்டை உரிக்காமலே போல்ட் துளையைச் சுற்றி விரிசலோ குழியோ இருக்கிறதா என்று சொல்லும். ஆனால் அதற்கு அதே உலோகத்தில் செய்த ஒப்புத்துண்டு வேண்டும், பயிற்சியும் அனுமதியும் பெற்ற ஆள் வேண்டும். சாயம் ஊடுருவ விடும் சோதனைக்குப் பெயின்ட்டை எடுத்தாக வேண்டும். அரிப்புப் பொடி விரிசலை அடைத்துக்கொண்டிருந்தால் சாயம் உள்ளே போகாது. இந்த எந்தக் கருவியும் கனெக்டர் ஊசியின் களிம்பைக் காட்டாது, ஒருவழி வால்வின் ஸ்பிரிங் துருப்பிடித்ததைக் காட்டாது. கழற்றியபின் சந்தேகம் வந்த இடத்தை உறுதிப்படுத்த இவை அருமை. கழற்றாமல் இருப்பதற்குச் சாக்காக இவற்றைக் கொண்டுவந்தால் வேண்டாம்.

மொத்தமாக வெளியே அனுப்பும் வழியில் நமக்குத் தலைவலி குறைவு. பட்டறையில் பைகளை ஊதி அழுத்தம் நிற்கிறதா என்று சோதிப்பார்கள், துணியைப் பார்ப்பார்கள், வால்வைப் பிரிப்பார்கள், மறுபடி மடித்துக் கட்டித் தருவார்கள். மடிப்பது தனிக் கலை. தப்பாக மடித்த பை விரியும்போது தன்னைத்தானே கிழித்துக்கொள்ளலாம். அந்தப் பயிற்சி இல்லாதவர்கள் பையைப் பிரிக்கவே கூடாது. சிலிண்டரின் நீரழுத்தச் சோதனையும் அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் நடக்க வேண்டும். அமெரிக்க முத்திரை கொண்ட சிலிண்டர்களில் 3ஏஏ வகை எஃகுக்குப் பொதுவாக 5 ஆண்டுக்கு ஒருமுறை, விமானங்களுக்கான 3எச்டி வகைக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை. 3எச்டி 24 ஆண்டோடு கழிக்கப்படும். கார்பன் நார் சுற்றிய வகைக்குப் பெரும்பாலும் 15 ஆண்டு ஆயுள்.

ஆனால் பட்டறைக்குப் போவது தொகுதி மட்டும்தான். அது பூட்டியிருந்த ஹெலிகாப்டர் இங்கேதான் நிற்கிறது. ஸ்கிட்டில் கிளாம்ப் அமர்ந்த வட்டம், பிராக்கெட் துளை, உடலிலிருந்து வரும் வயரின் கனெக்டர், இதெல்லாம் பட்டறைக்காரர் கண்ணில் படவே படாது. புதுத் தொகுதி வந்ததும் அவசரமாக அதே அரித்த இடத்தின் மேல் பூட்டிவிடுகிற ஆபத்து இந்த வழியில் அதிகம். சான்றிதழோடு வந்த பொருள் என்ற தைரியத்தில் யாரும் கீழே குனிந்து பார்ப்பதில்லை. செலவும் கூடுதல், மாற்றுத் தொகுதி கைவசம் இல்லாவிட்டால் ஹெலிகாப்டர் கடல் மேல் பறக்க முடியாமல் காத்துக் கிடக்கும்.

ஆக என் வாக்கு, நம் ஹேங்கரிலேயே கழற்றிப் பார்ப்பதற்கு. பையைப் பிரிக்காமல், அதன் கட்டோடு இறக்கி, உலோகம் உலோகத்தோடும் ரப்பரோடும் தொடுகிற ஒவ்வொரு இடத்தையும் திறப்பது. கிளாம்ப்களை எடுப்பது, போல்ட்டுகளை உருவித் துளைக்குள் ஒளி பாய்ச்சுவது, கனெக்டரைப் பிரிப்பது, பூமிக்கம்பி இணையும் இடத்தைச் சுத்தம் செய்து மின்தடை அளப்பது. ஒரு ஹெலிகாப்டருக்கு ஓரிரு நாள் வேலை. இதில் கிடைப்பது வேறு எதிலும் கிடைப்பதில்லை.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். உள்ளே அழுத்தம் அடைத்த சிலிண்டரும் வெடித் தோட்டாவும் இருக்கிற பொருளில் கை வைக்கிறோம். மின்சாரத்தைத் துண்டித்து, பாதுகாப்பு ஊசியைச் செருகி, ஸ்க்விப்பைக் கழற்றி, அதன் மின்முனைகளை ஒன்றோடொன்று இணைத்து மூடிய பிறகுதான் மற்ற வேலை. ஸ்க்விப்பின் மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டரில் அளக்கவே கூடாது. அதன் சோதனை மின்னோட்டமே தோட்டாவை வெடிக்க வைத்துவிடக்கூடும். அதற்கென்று அனுமதிக்கப்பட்ட குறைமின்னோட்டக் கருவி தனியாக இருக்கிறது. அப்புறம், அடிக்கடி கழற்றினால் புதிய தவறுகள் நுழையும்: இடம் மாறிய கனெக்டர், உரிய முறுக்குவிசையில் இறுக்காத போல்ட், எடுக்க மறந்த பாதுகாப்பு ஊசி. இந்தக் கடைசி ஒன்று போதும், மொத்தத் தொகுதியும் செத்த மாதிரி. அதனால் பூட்டியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறை உள்ள தளத்தில் இந்த இரண்டாவது ஆள் கிடைக்க மாட்டார் என்றால், வெளியே அனுப்பும் வழியே மேல். அப்போதும் ஹெலிகாப்டர் பக்கத்து பிராக்கெட்டுகளை நாம் பார்க்கும் வரை புதுத் தொகுதியைப் பூட்டக் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் நிறைய தளங்கள் பறந்த மணிநேரத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. எஞ்சினுக்கு அது சரி. அரிப்புக்கு மணிநேரம் தெரியாது, மாதம்தான் தெரியும். மழையால் மூன்று வாரம் ஜுஹுவில் சும்மா நின்ற ஹெலிகாப்டருக்கு மணிக்கணக்கில் ஒன்றும் ஏறியிருக்காது. கிளாம்புக்கு அடியில் மூன்று வாரமும் வேலை நடந்திருக்கும். சொல்லப்போனால் தினமும் பறந்து தினமும் நல்ல தண்ணீரில் கழுவப்படும் ஹெலிகாப்டர், கழுவாமல் நிற்பதைவிட நன்றாக இருக்கும். கழுவும்போதும் உயரழுத்தப் பீச்சாங்குழாயைக் கனெக்டர் பக்கம் காட்டக் கூடாது. உப்பை வெளியேற்றுவதற்குப் பதில் உள்ளே தள்ளிவிடும்.

திறந்து பார்த்து அரிப்பு கிடைத்துவிட்டது. சரிசெய்வதா, மாற்றுவதா? பிராக்கெட்டில் மேலோட்டமான குழி என்றால், நைலான் தேய்ப்பானால் சுத்தம் செய்து, கையேடு அனுமதிக்கும் ஆழத்துக்குள் இருந்தால் மழித்துச் சமன்படுத்தி, வேதிப்பூச்சு, பிரைமர், பெயின்ட் என்று மூடலாம். இரும்புக் கம்பி நாரைத் தொடக் கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து அடுத்த அரிப்பை விதைக்கும். மழித்தபின் ஆழத்தை அளக்காமல் பெயின்ட் அடிப்பது, குழியை மறைப்பது மட்டுமே. கனெக்டர் ஊசியில் களிம்பு என்றால் சுரண்டிச் சமாளிக்க நான் சம்மதிக்க மாட்டேன். மேல் பூச்சு போன ஊசி மறுபடி சீக்கிரமே களிம்பேறும், மாற்றிவிடுவதுதான் மலிவு. ஸ்க்விப்பின் உடலில் அரிப்பு தெரிந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, ஆயுள் தேதி மீதம் இருந்தாலும் புதிது. சிலிண்டர் சுவரில் குழி என்றால் நம் கை அதில் படவே கூடாது. வாயுவைக் கையேட்டின்படி வெளியேற்றி அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்பி, அவர்கள் கழித்தால் கழிக்கட்டும். தேய்த்து மெலிந்த சுவரில் 3,000 பிஎஸ்ஐ அடைத்து மனிதர்களின் காலுக்குக் கீழே தொங்கவிட முடியாது.

கடைசியாக, ஆண்டில் எப்போது என்ற கேள்வி. மழைக்குப் பின் அக்டோபரில் திறந்தால், நான்கு மாதம் சேர்ந்த உப்பும் ஈரமும் என்ன செய்தன என்று முழுதாகத் தெரியும். மழைக்கு முன் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறந்தால், புது சீலன்ட்டும் அரிப்புத் தடுப்பெண்ணெயும் தடவி மழைக்குள் அனுப்பலாம். பலர் அக்டோபரைத்தான் விரும்புகிறார்கள்; பறப்பு அட்டவணைக்கும் அது தோது. நான் மே மாதத்தின் பக்கம். கடல் மிக மோசமாக இருப்பதும், இறங்க நேர்ந்தால் மிதவை எல்லாமாக இருக்கப்போவதும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான். அந்த மாதங்களுக்குள் சந்தேகத்துக்கு இடமில்லாத தொகுதியோடு நுழைய வேண்டும். அக்டோபரில் சிலிண்டர் கிளாம்ப்களையும் கனெக்டர்களையும் மட்டும் திறந்து பார்த்தால் போதும். மே மாதம் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு பூத்திருக்கிறது என்று ஹெலிகாப்டர்வாரியாக எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு எதை எத்தனை மாதத்தில் திறக்க வேண்டும் என்று அந்தப் பதிவே சொல்லும்.